'நீ'யா, 'நீங்க'ளா? மொழிப் பரிமாற்றத்தின் முதல் பாடம்

மலாய்த் தோழருக்கு நாம் தமிழும், நமக்கு அவர் மலாயும் சொல்லித் தரும்போது, முதலில் பேசவேண்டியது விளிச்சொல். பிரிக்பீல்ட்ஸில் என் மலாய்த் தோழி, வயதான பூக்கார அம்மாவிடம் "நீ எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் சுருங்கிப்போச்சு. தவறு என்னுடையது, 'நீங்க' என்பதை நான் சொல்லித் தரவே இல்லை.

மலாயிலும் இதே கதைதான். மூத்தவரிடம் 'காமு' என்றால் மரியாதைக் குறைவு. பெண்களை 'மக்சிக்', ஆண்களை 'பக்சிக்', ஆசிரியரை 'சிக்கு' என்பார்கள்.

நேரத்தைப் பாதி தமிழ், பாதி மலாய் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோழர் பேசி முடித்ததும் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். இடையிலேயே நிறுத்தினால், அடுத்த முறை வாய் திறக்கவே தயங்குவார்.

எஸ்.பி.எம். மாணவர்களே, பேச்சில் 'நீங்க', கட்டுரையில் 'நீங்கள்'. இரண்டையும் தோழருக்குச் சொல்லிக்கொடுங்கள், உங்களுக்கும் மறக்காது.