பிழைப்பாரா என்ற கேள்வி



சுங்காய் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மழைக்காலம். குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் காலில் முள் தைக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். அவருக்கு இனிப்பு நீர் நோயும் உண்டு. சில நாளில் குளிர் காய்ச்சல் வருகிறது. பிறகு மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது. கடைசியில் ஈப்போவில் பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கிறார்கள். வெளியே நிற்கும் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "பிழைப்பாரா, டாக்டர்?"

இதற்கு மருத்துவர் எப்படி விடை தேடுகிறார் என்பதை இன்று பார்ப்போம்.

இந்த நோய்நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். கிருமி உடலில் புகுந்தால் அதை எதிர்க்கும் சக்தி நமக்கு உண்டு. அந்தச் சக்தியே நிலை தடுமாறி, வேலியே பயிரை மேய்ந்தாற்போல, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் இதனால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் செப்சிஸை உண்டாக்கும். இந்நோயை 1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் இரு மருத்துவர்கள் கண்டறிந்தனர். இனிப்பு நீர் உள்ளவர்களை இது எளிதில் தாக்கும்.

இனி, மருத்துவரின் கணக்குக்கு வருவோம். 1996இல் வெளியான சோஃபா என்னும் மதிப்பெண் முறை இன்று பல நாடுகளில் வழங்குகிறது. நுரையீரல், இரத்த உறைவு, கல்லீரல், இரத்த அழுத்தம், மூளை, சிறுநீரகம் ஆகிய ஆறையும் சோதிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 24. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி. இங்கே கூடினால் ஆபத்து. கிருமி தொற்றியவருக்கு வழக்கமான நிலையைவிட 2 மதிப்பெண் கூடினாலே அது செப்சிஸ் என்று 2016இல் அனைத்துலக மருத்துவர் குழு வரையறுத்தது. அந்த நிலையில் மருத்துவமனையில் இருப்பவர்களில் 100க்குப் பத்துப் பேர் அளவில் இறக்கிறார்கள். இரத்த அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்து, இரத்தத்தில் லாக்டேட் என்னும் அமிலப் பொருளும் கூடியிருந்தால், 100க்கு 40 பேருக்கும் மேல் இறக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது நூறு பேரைப் பற்றிய கணக்கு. உள்ளே படுத்திருப்பவர் அந்த நாற்பதில் ஒருவரா, பிழைக்கும் மற்றவர்களில் ஒருவரா என்று எந்த எண்ணும் சொல்லாது. அதனால்தான் மருத்துவர் ஒரு நாள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. மறுநாளும் எடுக்கிறார். முதல் 48 மணி நேரத்தில் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது பெரிய தடயம். "இப்போது சொல்ல முடியாதம்மா, இரண்டு நாள் பார்ப்போம்" என்று அவர் சொன்னால், மழுப்புகிறார் என்று எண்ணாதீர்கள். உண்மையைத்தான் சொல்கிறார். "நேற்றைக்கு இன்று எப்படி?" என்று நீங்களும் கேளுங்கள்.

இந்தக் கணக்கில் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது, என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், எங்கே காயம் பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது மருத்துவருக்குப் பெரிய உதவி.

அதைவிடப் பெரிய உதவி, நேரத்தோடு கொண்டு வருவது. காய்ச்சல்காரர் நிமிடத்திற்கு 22 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும், ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலும், கை கால் சில்லிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999க்குப் பேசுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் சிலிம் ரிவர், தாப்பா என அருகிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் காய்ச்சல் வாட்டினால் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். காட்டுக்குப் போகும்போது காலணி போடுங்கள். காயத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவி மூடுங்கள்.

பிழைப்பாரா என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி ஈப்போவில் அல்ல, நம் வீட்டு வாசலிலேயே எழுதப்படுகிறது.