சக்கரத்துக்கும் ஒரு சட்டை உண்டு



"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. தேருக்கு அச்சாணி எப்படியோ, மோட்டார் வண்டிக்குச் சக்கரம் அப்படி. 1920ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். அந்த இரு ஊர்களுக்கும் நடுவில் அமைந்திருப்பது நம் உடுமலைப்பேட்டை. ஆக, நம் ஊர்ச் சாலையில் மோட்டார்ச் சக்கரங்கள் உருளத் தொடங்கி நூறாண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. அன்று ஆரக்கால்களும் இரும்புத் தகடும் இருந்த இடத்தில், இன்று வெள்ளிபோல் மின்னும் கலப்புலோகச் சக்கரங்கள் வந்துவிட்டன. பட்டறைகளில் இவற்றை 'அலாய் வீல்' என்பார்கள். இந்தச் சக்கரங்களின் மேற்பூச்சு எதனால் கெடுகிறது, அதை எவ்வாறு காப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம். ஒரு தவறு செய்த பிறகே நான் இவற்றைக் கற்றுக்கொண்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

என் தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் வீட்டின் அரிசியும் என் பள்ளிக் கட்டணமும் அந்தக் காரிலிருந்துதான் வருகின்றன. சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள், அப்பா உறங்கும்போது காரைக் கழுவி அவரை மகிழ்விக்க எண்ணினேன். சக்கரங்களில் படிந்த பழுப்புக் கறை சோப்புக்கு அசையவில்லை. குளியலறை கழுவ வைத்திருந்த ஆசிட்டைச் சிறிது தண்ணீரில் கலந்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். கறை உடனே போயிற்று! சக்கரம் கண்ணாடிபோல் மின்னியது. அப்பாவும் பாராட்டினார்.

ஆனால் சில வாரங்களில் சக்கரத்தின் ஓரங்களில், மேற்பூச்சுக்கு அடியில், மெல்லிய வெண்புழுக்கள் ஊர்வதுபோல் கோடுகள் தோன்றின. பிறகு பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கியது. அப்பா எங்கள் மெக்கானிக் மாமாவிடம் காரைக் கொண்டுபோனார். அவர் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் அம்மிணி, ஆசிட் ஊத்திக் கழுவறதுக்கு இது என்ன குளியலறையா?" அவர் சொல்லக் கேட்டும், பின்னர் வேதியியல் ஆசிரியையிடம் கேட்டும் தெரிந்துகொண்டவையே இனி வருபவை.

அலுமினியம் பிறந்த கதை

கலப்புலோகச் சக்கரத்தில் பெரும்பகுதி அலுமினியம். அதனுடன் ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கானும், மிகச் சிறிதளவு மக்னீசியமும் சேர்ப்பது வழக்கம். அலுமினியத்தை மின்சாரத்தின் உதவியால் மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையை 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்சில் பால் ஹெரூல் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். ஹாலின் தமக்கையார் ஜூலியாவும் வேதியியல் பயின்றவர். தம்பியின் சோதனைகளை அவர் அறிந்து குறித்துவைத்தது, காப்புரிமை விசாரணையில் தம்பிக்குச் சான்றாக உதவியது. பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் நினைவில் வைக்கவேண்டிய பெயர் அது. நம் மாநிலத்திலும் ஏற்காடு மலையின் பாக்சைட் கல்லைக் கொண்டு மேட்டூரில் அலுமினியம் உருக்கிய காலம் உண்டு. அந்த உருக்காலை இப்போது இயங்குவதில்லை.

1924இல் பிரான்சின் லியோன் நகரப் பந்தயத்தில் புகாட்டி நிறுவனத்தின் 35ஆம் வகைக் கார், அலுமினியத்தால் வார்த்த சக்கரங்களுடன் ஓடியது. இரும்பின் அடர்த்தி ஏறக்குறைய 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மட்டுமே. சக்கரம் இலேசானால் மேடு பள்ளங்களில் அது சாலையை விட்டு எளிதில் எகிறாது. மேலும் அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், பிரேக்கின் சூடு தணியவும் அது துணைசெய்கிறது.

சட்டைக்குள் சட்டை

அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தனக்குத் தானே ஒரு சட்டை அணிந்துகொள்கிறது. அதுவே அலுமினிய ஆக்சைடு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் நாலைந்து பங்கு கனம்கூடத் தேறாத மெல்லிய படலம் அது. ஆயினும் உலோகத்தைக் காக்க அது போதுமானது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. பி.எச். மதிப்பு ஏறத்தாழ 4க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால்தான் அது நிலைக்கும். அமிலமும் கரைக்கும், காரமும் கரைக்கும். சோடா மாவு போட்டு வேகவைத்த அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போவதை நாம் சமையலறையில் கண்டதில்லையா?

ஆகவே தொழிற்சாலையில் அதன்மேல் இன்னும் சில சட்டைகளை அணிவிக்கிறார்கள். முதலில் சக்கரத்தைக் கழுவி, பூச்சு பற்றுவதற்காக ஒரு வேதிப்படலம் ஏற்றுவார்கள். அடுத்து மின்னேற்றம் பெற்ற வண்ணத்தூளைத் தூவி, 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் உலையில் வைத்து உருக்கிப் படிய வைப்பார்கள். இதற்குப் பவுடர் கோட்டிங் என்று பெயர். இதன் கனம் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன்தான். அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு வரும்.

சில சக்கரங்களின் முகத்தை லேத்தில் வைத்து வைரமுனைக் கருவியால் சீவி மின்னச் செய்வார்கள். எங்கள் காரின் சக்கரம் அவ்வகையே. இதில் மின்னும் உலோகத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பது தெளிபூச்சு ஒன்றுதான். எனவே அழகில் முதலிடம் பெறும் இதுவே உழைப்பில் பின்தங்கிவிடுகிறது. ஒரு சிறு கல் தெறித்துப் பூச்சு விரிந்தாலும், அதன் வழியே ஈரமும் உப்பும் நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு போகும். நான் கண்ட வெண்புழுக் கோடுகள் இவைதான். ஏற்கெனவே கல்பட்டிருந்த ஓரங்களில் என் ஆசிட் இறங்கி வழி திறந்துவிட்டது.

பழுப்புக் கறை எங்கிருந்து வருகிறது?

அது வெறும் மண் அன்று. பிரேக் பிடிக்கும்போது பிரேக் பேடும் இரும்புத் தட்டும் தேய்ந்து உதிரும் தூள் அது. சூடாகப் பறந்துவந்து பூச்சில் ஒட்டும் இரும்புத் துகள்கள், ஈரம் பட்டதும் துருப்பிடித்துப் பழுப்பாகின்றன. பிரேக்கின் பாரத்தைப் பெரிதும் தாங்குவது முன்சக்கரம். ஆகவே அதில்தான் கறை மிகுதி. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே போய்த் திரும்பிய காரின் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், உண்மை விளங்கும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கினால் கறையும் குறையும், உயிருக்கும் பாதுகாப்பு.

ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தூசியும், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் காய்ந்து விடும் வெள்ளைத் திட்டும் நம் பகுதியில் கூடுதல் தொல்லைகள்.

பராமரிக்கும் முறை

1. வண்டி ஓடி வந்தவுடன் கழுவக் கூடாது. சக்கரம் கைக்குக் குளிரும்வரை நிழலில் நிறுத்தவேண்டும்.

2. முதலில் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணை நீக்கிவிட்டு, பிறகு மென்மையான சோப்பு நீரும் பஞ்சும் கொண்டு துடைக்கவேண்டும். சக்கரத்துக்கென்று தனி வாளியும் துணியும் வேண்டும். இல்லாவிடில் அதில் ஒட்டிய இரும்புத் துகள் காரின் வண்ணத்தைக் கீறிவிடும்.

3. ஆசிட், புளி, எலுமிச்சை, சோடா, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி, கம்பி நார் ஆகியவை ஆகவே ஆகா. புளி பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது, அதன் மேலுள்ள ஆக்சைடைக் கரைப்பதனால்தான். அங்கே நன்மையாக இருப்பதே இங்கே தீமையாகிறது.

4. கழுவியபின் தானாகக் காயவிடாமல் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் உப்புத் திட்டு விழாது.

5. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை காருக்கான மெழுகு பூசினால் கறை இறுகப் பிடிக்காது.

6. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சு குழாயைச் சக்கரத்துக்கு மிக அருகில் பிடிக்க விடாதீர்கள். உரிந்த பூச்சின் ஓரத்தை அது மேலும் கிளப்பிவிடும்.

7. வேளாங்கண்ணி, இராமேசுவரம் போன்ற கடற்கரை ஊர்களுக்குச் சென்று வந்தால், சுணங்காமல் நல்ல தண்ணீரில் கழுவிவிடவேண்டும்.

8. பேலன்சிங்குக்கு விளிம்பில் அடித்துச் செருகும் எடையைவிட உட்புறம் ஒட்டும் எடையே நல்லது. செருகும் எடை பூச்சைக் கீறிவிடும்.

9. டயரில் காற்றுக் குறையாமல் பார்க்கவேண்டும். குறைந்தால் பள்ளத்தின் அடி நேரே விளிம்பில் விழும். இரும்புச் சக்கரம் வளையும் இடத்தில் கலப்புலோகச் சக்கரம் விரிந்துவிடக் கூடும்.

அழகைவிடப் பெரியது

எங்கள் சக்கரத்தின் கதையை முடிக்கவேண்டும் அல்லவா? ஒரு கடையில், பழைய பூச்சைக் காஸ் தீயால் எரித்து நீக்கி, மலிவாகப் புதுப்பூச்சு அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அப்பா இசைந்துவிட்டார். மெக்கானிக் மாமாதான் தடுத்தார். வார்த்த சக்கரத்தைச் சுமார் 540 டிகிரியில் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, பிறகு 150, 160 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருந்துதான் அதற்கு வலுவூட்டுகிறார்கள். தீயைக் கண்டபடி காட்டினால் அந்த வலு இளகிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மலைப்பாதையில் ஆள் நிறைந்த காரின் பாரம் விழும்போதுதான் தெரியும். விரிசல் விட்ட சக்கரத்தைப் பற்றவைத்து ஓட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு.

"மினுமினுப்பு போனாக் காசுதான் போகும். சக்கரம் போனா ஆளே போயிரும்" என்றார் மாமா. பூச்சை மருந்திட்டு நீக்கி, மெல்லச் சீவி, முறையாகப் பூச்சேற்றும் கடைக்கு அப்பா சக்கரங்களைக் கொடுத்தார். நான்கு நாள் வண்டி ஓடவில்லை; வருமானமும் இல்லை. ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் சிறிது குறைவதால் இதையும் பலமுறை செய்ய இயலாதாம். அப்பா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் சக்கரங்களை நான்தான் துடைக்கிறேன். நிழலில், சோப்பு நீரில், மெல்லிய துணியால். துடைக்கும்போதே விரிசல் உண்டா என்று ஆரம் ஆரமாகத் தடவிப் பார்க்கிறேன். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பதை ஆசிட் எனக்குக் கற்பித்தது. ஒரே நாளில் வரும் பளபளப்பைவிட, வாரந்தோறும் செய்யும் சிறு கவனமே நெடுநாள் நிற்கும். தோழியரே, உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்குமானால், இன்றே அதன் சக்கரத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள்!

— பதினோராம் வகுப்பு மாணவி