சபாநாயகரின் ‘வானளாவிய அதிகாரம்’ எதுவரை? பி.எச். பாண்டியன் முதல் இன்றுவரை

2016 சட்டமன்றத் தேர்தலில் கடையநல்லூர் தொகுதியின் முடிவைத் தீர்மானித்தது வெறும் 1,194 வாக்குகள். முஸ்லிம் லீக்கின் முகமது அபூபக்கர் அ.தி.மு.க. வேட்பாளரை அந்த வித்தியாசத்தில்தான் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் நம்பிக்கை வாக்கு கோரினார். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையை சபாநாயகர் ப. தனபால் ஏற்கவில்லை. அமளிக்குப் பிறகு தி.மு.க. உறுப்பினர்கள் அவைக்காவலர்களால் வெளியேற்றப்பட்டனர். காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்புச் செய்தன. எஞ்சியவர்களை வைத்து நடந்த வாக்கெடுப்பு 122-க்கு 11 என முடிந்தது. கடையநல்லூரின் வாக்கு இரண்டு பக்கத்திலும் இல்லை.

ஒரு தொகுதியின் குரல் அவையில் எவ்வளவு கேட்கும் என்பது சபாநாயகர் இருக்கையைப் பொறுத்தது. அந்த இருக்கையின் அதிகாரத்தை இதுவரை யாரும் தொடாத எல்லைக்குக் கொண்டுபோனவர், நம் நெல்லைச் சீமையின் பி.எச். பாண்டியன்.

யார் இவர்?

வழக்கறிஞரான பாண்டியன், 1977 முதல் 1989 வரை நான்கு தேர்தல்களில் தொடர்ந்து சேரன்மகாதேவி தொகுதியில் வென்றவர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் முதலில் துணை சபாநாயகர். 1985 பிப்ரவரி இறுதியில் சபாநாயகர். அவர் பொறுப்பேற்ற சில நாட்களில், மார்ச் 1 அன்று, கட்சித் தாவல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யாருக்குப் பதவி நீடிக்கும், யாருக்குப் பறிபோகும் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு நாடெங்கும் சபாநாயகர்கள் கைக்கு வந்தது.

‘வானளாவிய’ என்ற பேச்சு எப்படி வந்தது?

சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று பாண்டியன் முழங்கியது தமிழக அரசியலில் நிலைத்துவிட்டது. அவர் காலத்து நிகழ்வுகள் அந்தப் பேச்சுக்கு எடை சேர்த்தன. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டத்தின் மொழிப் பிரிவை எரித்ததற்காக, க. அன்பழகன் உட்பட தி.மு.க. உறுப்பினர்கள் 10 பேர் 1986 டிசம்பரில் பதவி இழந்தனர்.

அடுத்து வந்தது ஆனந்த விகடன் விவகாரம். 1987 மார்ச்சில் வந்த இதழின் அட்டையில் ஒரு கேலிச்சித்திரம். மேடையில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் பார்க்கப் பிக்பாக்கெட் போல, மற்றவர் முகமூடிக் கொள்ளைக்காரர் போல. இதில் யார் எம்.எல்.ஏ., யார் அமைச்சர் என்பதுதான் நகைச்சுவை. பேரவை கொதித்தது, மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 4 அன்று அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுதலையானார். அவர் அதோடு விடவில்லை, நீதிமன்றம் போனார். அந்தக் கைது செல்லாது, 1,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. தொகை சிறியது, ஆனால் பேரவையின் உரிமை குடிமகனின் உரிமையை விழுங்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது.

1988 ஜனவரி 28 அன்று என்ன நடந்தது?

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. 97 உறுப்பினர்கள் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாள் பக்கம், 33 பேர் ஜெயலலிதா பக்கம். ஜனவரி 7 அன்று முதலமைச்சரான ஜானகி, 28 அன்று பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது. எதிரணியினர் பலர் உறுப்பினர் தகுதியை இழந்துவிட்டதாக சபாநாயகர் அறிவிக்க, அவைக்குள் அடிதடி மூண்டது. போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. அந்த நிலையில் நடந்த வாக்கெடுப்பில் ஜானகி அரசு வென்றதாகப் பாண்டியன் அறிவித்தார். அந்த வெற்றி இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. ஆளுநர் எஸ்.எல். குரானாவின் அறிக்கையை அடுத்து ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. எல்லா அதிகாரத்தையும் பயன்படுத்திய பிறகும் அந்த இருக்கையால் ஓர் அரசைக் காப்பாற்ற முடியவில்லை.

1989 தேர்தலில் ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாளே தோற்றபோதும், அவர் அணியில் நின்ற பாண்டியன் சேரன்மகாதேவியில் வென்றார். பின்னர் ஜெயலலிதாவின் கட்சியில் சேர்ந்து, 1999-இல் திருநெல்வேலி எம்.பி. ஆனார். 2017 பிப்ரவரியில் சசிகலாவுக்கு எதிராக முதலில் வாய் திறந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் நின்ற ஓ. பன்னீர்செல்வம் அணிதான் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிரான அந்த 11 வாக்குகளைப் போட்டது. 2020 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். அவருடைய மகன் மனோஜ் பாண்டியன் 2021-இல் தென்காசி மாவட்டம் ஆலங்குளத்தில் வென்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சபாநாயகரின் தகுதிநீக்க உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம் என்று கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992-இல் தெளிவாக்கியது. வானத்துக்கும் ஓர் எல்லை வந்தது. ஆனால் உத்தரவே போடாமல் காலம் கடத்தினால்?

2017-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் ஆகஸ்ட் 22 அன்று கடிதம் கொடுத்த டி.டி.வி. தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 18 பேரை செப்டம்பர் 18 அன்றே சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றமும் 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தது. சாத்தூர், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் உட்பட 18 தொகுதிகள் 2019 ஏப்ரல், மே இடைத்தேர்தல்கள் வரை எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன. அதே பேரவையில், அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேர் மீதான புகார் மூன்று ஆண்டுகள் இழுத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அணி இதற்குள் ஆளுங்கட்சியோடு இணைந்து, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சராகியிருந்தார். ஒரு கோப்புக்கு ஒரு மாதம் போதும். இன்னொன்றுக்கு மூன்று ஆண்டு போதாது. வேகமும் தாமதமும் ஒருவர் விருப்பத்தில் இருப்பதுதான் இன்றைய வானளாவிய அதிகாரம்.

2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில், தகுதிநீக்க மனுக்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தனித் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கவும் சொன்னது. 2025 ஜூலையில் தெலங்கானா வழக்கிலும் சபாநாயகருக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. சட்டத்தில் மட்டும் அந்தக் கெடு இன்னும் ஏறவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

எஸ். செல்லபாண்டியன், பி.எச். பாண்டியன், இரா. ஆவுடையப்பன், மு. அப்பாவு என நான்கு சபாநாயகர்களைத் தந்த மண் இது. ஆகவே இந்தக் கேள்வியை எழுப்பும் உரிமை நமக்கு நிறையவே உண்டு. 1967-இல் மக்களவைத் தலைவரானதும் நீலம் சஞ்சீவ ரெட்டி கட்சியிலிருந்து விலகினார். இங்கிலாந்தில் அது நிலைத்த மரபு. நம் சபாநாயகர்களோ அடுத்த தேர்தலில் அதே கட்சியின் சீட்டை எதிர்பார்த்திருப்பவர்கள். அவர்களிடம் நடுநிலையை நம்பிக்கையால் மட்டும் பெற முடியாது. தகுதிநீக்க மனுக்களைத் தனித் தீர்ப்பாயத்துக்கு மாற்ற வேண்டும். மூன்று மாதக் கெடுவைச் சட்டத்தில் எழுத வேண்டும். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவை. அதை நிறைவேற்றுவது நாடாளுமன்றம். தென்காசியில் எம்.பி. சீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பதில் வாங்குவது வாக்காளர்களின் வேலை.