மீண்டு வரும் குருதியும் தடுமாறும் துடிப்பும்

நுழையும்முன்

மாரடைப்பின்போது அடைபட்ட குருதிக்குழாயைத் திறந்துவிட்டால் இதயம் உடனே சீரடையும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், குருதி மீண்டும் பாயத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிலருக்கு இதயத் துடிப்பு தடுமாறுகிறது. உயிரைக் காக்க வந்த குருதியே துடிப்பைக் குலைப்பது ஏன்? அதற்கு அஞ்சி மருத்துவத்தைத் தள்ளிப்போடலாமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தருகிறது இக்கட்டுரை.

துடிப்பின் ஒழுங்கு

நிமிடத்திற்கு 72 முறை எனக் கொண்டால், இதயம் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. வலது மேலறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணுவில் பிறக்கும் மின்தூண்டல் முதலில் மேலறைகளிலும், பின்னர்க் கீழறைகளிலும் பரவுகிறது. தூண்டல் வந்தடைந்ததும் தசைச்செல்லுக்குள் சோடியம் அயனிகளும் கால்சியம் அயனிகளும் நுழைகின்றன. கால்சியம் மிகும்போது செல் சுருங்குகிறது; அது அகற்றப்படும்போது செல் தளர்கிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதால் செல் மீண்டும் மின்னோய்வு நிலையை அடைகிறது.

இந்த அயனிகளை அவற்றிற்கு உரிய இடத்தில் நிறுத்திவைக்க ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைத் தரும் ஏடிபி என்னும் மூலக்கூறு, ஆக்சிஜனைக் கொண்டே பெரும்பாலும் உருவாகிறது. இதயத் தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பவை கரோனரித் தமனிகள்.

தெரிந்து தெளிவோம்

1880களின் தொடக்கத்தில் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்தார். குழாய்நீரில் கலந்த கரைசலில் இதயம் தொடர்ந்து துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்த கரைசலிலோ விரைவில் ஓய்ந்தது. குழாய்நீரில் இயல்பாகக் கலந்திருந்த கால்சியமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்பதை அவர் 1883இல் வெளியிட்டார்.

அடைப்பின்போது நிகழ்வன

கரோனரித் தமனியில் குருதிக்கட்டி அடைத்துக்கொண்டால், அத்தமனியை நம்பியிருந்த தசைப்பகுதிக்கு ஆக்சிஜன் வருவது நின்றுவிடுகிறது. செல்கள் ஆக்சிஜன் இன்றியே குளுக்கோசைச் சிதைத்து ஓரளவு ஆற்றலைப் பெற முயல்கின்றன. அதனால் லாக்டிக் அமிலம் தேங்கி, செல்லின் உள்ளும் புறமும் அமிலத்தன்மை மிகுகிறது. ஏடிபி குறைவதால் சோடியத்தை வெளியேற்றும் விசைப்பம்புகள் தளர்கின்றன. பொட்டாசியம் செல்லுக்கு வெளியே கசிந்து தேங்குகிறது.

இந்நிலை நீடித்தால் தசை மடியத் தொடங்கும். அழிவு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நேர்வதில்லை. நாய்களின் இதயத்தில் ரெய்மரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு 1977இல் வெளிவந்தது. இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கும் அழிவு, நேரம் செல்லச் செல்ல அலைபோல் வெளிப்புறம் நோக்கிப் பரவுவதை அவ்வாய்வு காட்டியது. ஆகவே, குருதியை விரைந்து மீட்டால் வெளிப்புறத் தசையையேனும் காப்பாற்றலாம்.

குருதி திரும்பும் கணம்

அடைப்பு நீங்கியதும் புதிய குருதி பாய்ந்து, செல்லுக்கு வெளியே தேங்கிய அமிலத்தை நொடிகளில் அடித்துச் செல்கிறது. செல்லின் உள்ளே இருக்கும் அமிலமோ அங்கேயே தங்கிவிடுகிறது. அதனை வெளியேற்றும்பொருட்டுச் செல், ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிச் சோடியம் அயனிகளை உள்ளே ஏற்கிறது. பின்னர், மிகுந்துவிட்ட சோடியத்தை வெளியேற்றும் முயற்சியில் கால்சியத்தை உள்ளே ஏற்கிறது. ஒரு சுமையை இறக்க மற்றொரு சுமையை ஏற்கும் இப்பரிமாற்றத்தின் முடிவில் செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மிஞ்சிக் குவிகிறது. திடீரென வந்த ஆக்சிஜன், தீவிர வினைபுரியும் தனி உறுப்புகளைத் தோற்றுவித்துச் செல்சவ்வுகளுக்கு ஊறு செய்கிறது.

நிரம்பி வழியும் கால்சியச் சேமிப்பறைகள், கணுவின் ஆணைக்குக் காத்திராமல் கால்சியத்தை வெளிவிடுகின்றன. அதனால், வரவேண்டாத நேரத்தில் தூண்டல் எழுகிறது. மேலும், மீண்ட செல்லும் இன்னும் மீளாத செல்லும் அடுத்தடுத்து இருப்பதால் மின்னலை சில இடங்களில் விரைந்தும் சில இடங்களில் தயங்கியும் செல்கிறது. அவ்வாறு செல்லும் அலை சென்ற வழியே சுழன்று திரும்பி, அதே தசையை மீண்டும் மீண்டும் தூண்டக்கூடும். துடிப்புப் பிறழ்வு பிறக்கும் வழிகள் இவை.

ரிங்கரின் தவளை இதயத்தைத் துடிக்கச் செய்ததும் கால்சியமே. இங்குத் துடிப்பைக் குலைப்பதும் கால்சியமே. வேறுபாடு அளவிலும் காலத்திலும்தான் உள்ளது.

பிறழ்வின் வகைகள்

இப்பிறழ்வுகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. கீழறைகள் தாமே நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முதல் 110 முறை துடிக்கும் ஒரு வகை அடிக்கடி காணப்படுகிறது. இது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். குழாய் திறந்துவிட்டது என்பதற்கு ஓர் அடையாளமாகவும் கருதப்படுகிறது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு நேர்ந்த சிலருக்குத் துடிப்பு மிகவும் குறைந்து, குருதி அழுத்தமும் தாழ்வதுண்டு.

இவற்றுள் கொடியது கீழறை நடுக்கம். தசைநார்கள் ஒருங்கிணையாமல் தனித்தனியே நடுங்குவதால் குருதி வெளியேற்றப்படுவதில்லை. உடனடியாக மின்னதிர்ச்சி தந்து சீர்செய்யாவிடில் உயிர் போய்விடும். ஆய்வகத்தில் விலங்குகளிடம் அடிக்கடி தோன்றும் இந்நடுக்கம், மருத்துவம் பெறும் மனிதரிடம் அந்த அளவிற்குத் தோன்றுவதில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி.

விலங்காய்வுகள் மற்றோர் உண்மையையும் உணர்த்தின. அடைப்பு மிகச் சிறிது நேரமே இருந்தால் பிறழ்வு குறைவு. மிக நீண்ட நேரம் இருந்தாலும் குறைவு. முன்னதில் தசைக்குப் பெருங்கேடு நேரவில்லை. பின்னதிலோ தடுமாறுவதற்குக்கூட உயிருள்ள செல்கள் போதிய அளவில் எஞ்சவில்லை. எனவே, பிறழ்வு தோன்றவில்லை என்பதனாலேயே இதயம் நலமாக உள்ளது என்று முடிவு செய்துவிட இயலாது.

அஞ்சித் தயங்கலாமா?

1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், கரோனரித் தமனியின் குறுகிய பகுதியைச் சிறு பலூனால் முதன்முதலில் விரிவாக்கினார். 1986இல் இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, குருதிக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தின் பயனை மெய்ப்பித்தது. வலி தொடங்கிய ஒரு மணி நேரத்திற்குள் அம்மருந்தைப் பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலந்தாழ்ந்து பெற்றோர்க்குப் பயனும் குறைந்தது.

வாடிய வயலுக்கு நீர் பாயும்போது வரப்பு உடையக்கூடும் என்று எந்த உழவரும் மடையைத் திறவாமல் இருப்பதில்லை. மண்வெட்டியோடு வரப்பருகே நிற்கிறார். மருத்துவரும் அவ்வாறே செய்கிறார். குழாயைத் திறக்கும்போதும் திறந்த பின்னரும் இதய மின்னலை வரைபடத்தை இடைவிடாது கண்காணிக்கிறார். மின்னதிர்ச்சிக் கருவியை அருகிலேயே ஆயத்தமாக வைத்திருக்கிறார். கண்காணிப்பில் இருப்பவருக்கு நேரும் பிறழ்வைப் பெரும்பாலும் சீர்செய்துவிடலாம். மடிந்துபோன தசையையோ மீட்க இயலாது.

மார்பின் நடுவே அழுத்துவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமின்றிப் பெருகும் வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். 'வாயுத் தொல்லைதான், விடிந்தபின் பார்க்கலாம்' என்று வீட்டில் எவரேனும் கூறினால், அங்கு இருக்கும் மாணவர் 108 எண்ணை அழைக்கத் தயங்கலாகாது. அக்காத்திருப்பின் ஒவ்வொரு நிமிடமும் ஓர் இதயத்தின் தசையைக் குறைத்துக்கொண்டே செல்கிறது.

கலைச்சொற்கள்

துடிப்புப் பிறழ்வு – அரித்மியா
குருதியோட்டக் குறைவு – இஸ்கீமியா
மீள்குருதியோட்டம் – ரீபெர்ஃபியூஷன்
கீழறை நடுக்கம் – வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன்
தனி உறுப்புகள் – ஃப்ரீ ரேடிக்கல்ஸ்

கற்பவை கற்றபின்

1. 'துடிப்பைத் தருவதும் கால்சியம். குலைப்பதும் கால்சியம்' – இக்கூற்றைக் கட்டுரைவழி விளக்குக.
2. மாரடைப்பின் அறிகுறிகளையும் உடனே செய்ய வேண்டுவனவற்றையும் உங்கள் பகுதி மக்களுக்கு எடுத்துரைக்கும் வகையில் ஒரு துண்டறிக்கை உருவாக்குக.