மனச்சோர்வு: சோம்பலா, சாபமா, நோயா?



காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். கத்தி பட்டுக் கையில் காயமானால் கிளினிக்குக்கு ஓடுகிறோம். ஆனால் நேற்றுவரை நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால் வெட்டப் போன ஒரு பெண், இன்று எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் என்ன சொல்கிறோம்? "சோம்பல்" என்கிறோம். "கொழுப்பு" என்கிறோம். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கிறோம். இன்னும் சிலர் குரலைத் தாழ்த்தி, "அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது, அது அந்தக் குடும்பத்துச் சாபம்" என்று சொல்லி, அந்த வீட்டில் பெண் எடுக்கவும் தயங்குகிறார்கள்.

இந்தப் பேச்சுகளால் எத்தனையோ பேர் வைத்தியம் பார்க்காமலே வாடுகிறார்கள். 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் இது 2.3 ஆக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு! ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கு வராத நோய் என்று எண்ணிவிடாதீர்கள்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போட்டாற்போல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இது நமக்கு விரோதியல்ல. விடியற்காலையில் நாம் கண் விழிக்கும் நேரத்தில் இது உயர்ந்து நின்று, வேலைக்கு வேண்டிய தெம்பைத் தருகிறது. இரவில் இறங்கிவிடுகிறது. காட்டுக்குள் பாம்பைக் கண்டால், வேலை போய்விடும் என்று பயந்தால், வீட்டில் சண்டை நடந்தால், இது மீண்டும் ஏறும். ஆபத்து நீங்கியதும் இறங்க வேண்டும்.

இதற்கு ஆணை எங்கிருந்து வருகிறது? அந்தக் காலத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துரை கிராணியிடம் சொல்வார். கிராணி கங்காணியிடம் சொல்வார். கங்காணி ஆட்களை வேலைக்கு ஏவுவார். உடலிலும் அப்படியே. மூளையின் அடிப்பாகத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, பக்கத்திலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. கார்ட்டிசோல் சுரக்கிறது. போதுமான அளவு சுரந்ததும், அந்தக் கார்ட்டிசோலே மூளைக்குத் திரும்பிச் சென்று, "வேலை முடிந்தது, நிறுத்துங்கள்" என்று சொல்கிறது.

கடுமையான மனச்சோர்வு கொண்ட பலருக்கு இந்த "நிறுத்துங்கள்" என்ற சொல் மேலே எட்டுவதில்லை. ஆபத்து போன பிறகும் ஆணை வந்துகொண்டே இருக்கிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பசி போய்விடுகிறது. நெஞ்சு பாரமாக இருக்கிறது. மனம் ஒன்றிலும் பற்றுவதில்லை.

1981ஆம் ஆண்டில் பெர்னார்ட் கரோல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் இதை ஒரு பரிசோதனை மூலம் விளக்கினார்கள். கார்ட்டிசோலைப் போன்ற டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தை இரவில் சிறிதளவு கொடுத்தால், மறுநாள் உடல் தன் சொந்தக் கார்ட்டிசோலைக் குறைக்க வேண்டும். கடும் மனச்சோர்வு கொண்ட பலருக்கு அது குறையவில்லை! இரத்தத்தைப் பார்த்தே மனச்சோர்வைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உலகமே மகிழ்ந்தது. ஆனால் மனச்சோர்வு உள்ள பலருக்குப் பரிசோதனை சரியாகவே இருந்தது. வேறு நோய் கொண்ட சிலருக்குத் தவறாக வந்தது. ஆகவே இன்றும் மருத்துவர் கேள்வி கேட்டுத்தான் இந்நோயை அறிகிறார். தைராய்டு, இரத்தசோகை போன்றவையும் இதேபோல் சோர்வைத் தரும் என்பதால் அவற்றையும் பார்ப்பார். "இரத்தம் டெஸ்ட் செய்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்றார்கள், எல்லாம் நடிப்பு" என்று யாரையும் ஏசாதீர்கள்.

அளவுக்கு மீறி வெட்டிய பால்மரம் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டை வறண்டு, பால் நின்றுவிடும். அந்த மரத்தைச் சோம்பேறி என்று யாராவது திட்டுகிறோமா? வெட்டுவதை நிறுத்தி, ஓய்வு கொடுத்துப் பார்க்கிறோம். மரத்துக்குக் காட்டும் நியாயத்தை மனிதருக்கும் காட்டக் கூடாதா?

பரம்பரை என்பது எவ்வளவு?

இனி அந்தச் "சாபம்" என்ற பேச்சுக்கு வருவோம். மனச்சோர்வு சில குடும்பங்களில் அதிகம் காணப்படுவது உண்மை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வர வாய்ப்புண்டு. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்நோய் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருக்கும் வேறுபாட்டில், பரம்பரையின் பங்கு நூற்றுக்குச் சுமார் 37 தான். மீதிப் பெரும்பங்கு, வாழ்க்கையில் அவரவர் பட்டதைச் சேர்ந்தது.

இதுவும் தோட்டத்தாருக்குப் புதிதல்ல. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டு மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் வம்சம். ஒன்றுக்கொன்று அச்சு மாறாத பிறப்பு. ஆனால் கல்மேட்டில் நட்டதும், உரம் போட்ட நல்ல மண்ணில் நட்டதும் ஒரே அளவா பால் தருகின்றன? ஒரே பிறப்பானாலும் மண்ணும் மழையும் வெட்டுகிற கையும் வேறு.

முன்பு, "இந்த ஒரு மரபணுதான் காரணம்" என்று தேடினார்கள். 2003ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் டனிடின் நகரத்தாரை ஆராய்ந்து ஒரு மரபணுவைப் பெரிதாகச் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கானோரை வைத்துப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. 2025ஆம் ஆண்டில், 29 நாடுகளில் இந்நோய் கொண்ட 6,80,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, ஏறத்தாழ 700 மரபணு வேறுபாடுகளைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவற்றில் பல உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். அப்படியிருக்க, எந்தக் குடும்பத்தை நாம் ஒதுக்குவது?

வளர்ப்பும் இதில் சேரும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் எலிகளை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் எழுதினார்கள். குட்டிகளை அடிக்கடி நக்கிக் கொடுக்கும் தாயிடம் வளர்ந்தவை, பெரிதானபின் எளிதில் பதறவில்லை. கவனிக்காத தாயின் குட்டிகளை நல்ல தாயிடம் மாற்றி வளர்த்தபோது அவையும் அமைதியாகவே வளர்ந்தன! "நிறுத்துங்கள்" என்ற சொல்லைக் கேட்க உதவும் மரபணுவின் மீது தாயின் அரவணைப்பு ஓர் அடையாளத்தைப் பதித்திருந்தது. எலி வேறு, மனிதர் வேறு. ஆயினும் சிறு வயதில் அடியும் அச்சமும் பட்ட பிள்ளைகளுக்கு இந்நோய் பின்னாளில் அதிகம் வருகிறது என்பது மனிதரிடமும் கண்ட உண்மை. பிள்ளையை அணைத்து வளர்ப்பது செல்லம் கொடுப்பதாகாது, பெற்றோர்களே!

வைத்தியம் உண்டா?

நிச்சயமாக உண்டு. 1957ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை எழுதினார். அதன்பின் பல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தலைவலி மாத்திரை அரை மணியில் வேலை செய்கிறது. இந்த மாத்திரைகளுக்கோ குறைந்தது இரண்டு முதல் நான்கு வாரமாவது வேண்டும். முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் முன்னால் வரும், குணம் பின்னால் வரும். பத்து நாள் சாப்பிட்டுப் பார்த்து, "பிரயோசனமில்லை" என்று குப்பையில் போட்டால், குணம் வரும் வாசலிலேயே கதவைச் சாத்தியதாகும்.

குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. இளம் வயதினருக்கு முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை என்று கடன் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இதற்கும் மரபணுவில் காரணம் உண்டு. மருந்தைக் கரைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலிலுள்ள சில நொதிகள் செய்கின்றன. அவற்றின் வேகம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மாத்திரை ஒருவர் உடலில் நெடுநேரம் தங்கித் தொல்லை தரும். மற்றவர் உடலில் சீக்கிரம் கரைந்து பயனற்றுப் போகும். அதனால்தான் மருத்துவர் அளவை மாற்றுகிறார், சில சமயம் மருந்தையே மாற்றுகிறார். அவருக்குத் தெரியவில்லை என்று எண்ண வேண்டாம்.

மருந்து ஒன்றே வழியுமல்ல. பயிற்சி பெற்றவரிடம் வாரந்தோறும் மனம்விட்டுப் பேசி, எண்ணங்களைச் சீர்செய்யும் முறையும் பலன் தருகிறது. நோய் இலேசாக இருந்தால் அதுவே போதலாம். தினமும் நடப்பதும் நேரத்தோடு உறங்குவதும் துணை செய்யும். சம்சு துணை செய்யாது. அது தூக்கத்தைக் கெடுத்து, சோர்வை இன்னும் ஆழமாக்கும். மூட்டுவலிக்கென்று சந்தையில் விற்கும் பதிவில்லாத மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சிலவற்றில், மேலே சொன்ன டெக்ஸாமெத்தசோனைக் கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அத்தகைய மருந்து மனநிலையையும் குலைக்கவல்லது.

நாம் செய்ய வேண்டியது

மனம் சோர்ந்தோ, எதிலும் நாட்டமில்லாமலோ, தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால், கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுவதையும் திருநீறு பூசுவதையும் நான் தடுக்கவில்லை. கோயிலுக்குப் போகும் அதே கால்கள் கிளினிக்குக்கும் போகட்டும்.

"செத்துப் போகலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். களைக்கொல்லி, பூச்சி மருந்து, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது; போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. பேசுவதற்குச் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணும் இருக்கின்றன. இவற்றை எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

தாய்மார்களே, தந்தையரே! நம் பிறப்பை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் படுத்திருப்பவரை ஏசுவதா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குவளைத் தேநீர் கொடுத்து, "வா, நாளைக்குக் காலையில் நானும் உன்னோடு கிளினிக்குக்கு வருகிறேன்" என்று சொல்வதா என்பது நம் கையில்தான் இருக்கிறது. நான்கு வாரம் பொறுத்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும் நம்மால் முடியும். அந்த நான்கு வாரத்தில் ஒரு வீட்டின் விளக்கு அணையாமல் காப்பாற்றப்படலாம்.