டவுன்லோட் செய்த ஃபைல் ஓப்பன் ஆகலையா? பெயருக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்று எழுத்தைக் கவனியுங்கள்!

ஆஃபர் லெட்டர் இமெயிலில் வந்துவிட்டது. டவுன்லோடும் ஆகிவிட்டது. ஆனால் தொட்டால், 'இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்கிறது ஃபோன். உடனே பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டே காரியங்கள்தான். ஒன்று, "ஓப்பன் ஆகலை, திரும்ப அனுப்புங்க" என்று ஹெச்.ஆருக்கு மெசேஜ் போடுவது. இல்லையென்றால், 'எல்லா ஃபைலையும் திறக்கும்' என்று விளம்பரம் செய்யும் ஏதோ ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்வது.

இரண்டுமே தேவையில்லாமல் போகலாம். டவுன்லோட் செய்த ஃபைல் திறக்காததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். ஃபைல் சரியாக இருந்து பெயர் தப்பாக இருக்கலாம். பெயர் சரியாக இருந்து, திறக்கும் ஆப் தப்பாக இருக்கலாம். அல்லது பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. மூன்றாவது வகையில் கொஞ்சம் அசந்தால் பேங்க் அக்கவுன்ட்டே காலியாகும் ஆபத்தும் உண்டு.

எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன?

ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள்தான் எக்ஸ்டென்ஷன். .பிடிஎஃப், .ஜேபிஜி, .டாக்எக்ஸ் எல்லாம் இந்த வகை. எம்எஸ்-டாஸ் காலத்தில் பெயருக்கு 8 எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு 3 எழுத்து என்று கட்டுப்பாடு இருந்தது. அந்த மூன்றெழுத்துப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

இது சமையலறை டப்பாவில் ஒட்டிய லேபிள் மாதிரி. டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதியிருப்பதால் உள்ளே உப்பு இருந்தால் அது இனிக்கப்போவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் லேபிளைத்தான் முதலில் பார்க்கும். '.பிடிஎஃப் என்றால் இந்த ஆப், .எம்பி3 என்றால் அந்த ஆப்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதன்படி ஆப்பைத் திறந்துவிடும். லேபிளே இல்லையென்றாலோ, தப்பாக இருந்தாலோ குழப்பம் ஆரம்பம்.

முதல் வேலை: லேபிளைக் கண்ணுக்குக் கொண்டுவருவது

வின்டோஸில் பழக்கமான எக்ஸ்டென்ஷன்கள் மறைந்தேதான் இருக்கும். அதனால் 'ரெஸ்யூமே.பிடிஎஃப்' என்பது வெறும் 'ரெஸ்யூமே' என்று தெரியும். யாராவது அதை 'ரெஸ்யூமே.பிடிஎஃப்' என்று ரீநேம் செய்தால், உண்மையில் அது 'ரெஸ்யூமே.பிடிஎஃப்.பிடிஎஃப்' ஆகிவிடும்.

வின்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். வின்டோஸ் 10-ல் வியூ டேபிலேயே இந்த டிக் பாக்ஸ் இருக்கும். மேக் என்றால் ஃபைண்டர் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், எல்லா எக்ஸ்டென்ஷனையும் காட்டும் ஆப்ஷனை ஆன் செய்யலாம். ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

பெயரை மாற்றினாலே சரியாகும் கேஸ்கள்

வேர்டு டாக்குமென்ட் ஒன்று டவுன்லோட் ஆகும்போது .ஜிப் என்று வந்து நிற்பது உண்டு. உள்ளே திறந்தால் புரியாத ஃபோல்டர்கள்! காரணம், ஆஃபீஸ் 2007-ல் அறிமுகமான .டாக்எக்ஸ், .எக்ஸ்எல்எஸ்எக்ஸ், .பிபிடிஎக்ஸ் மூன்றுமே உள்ளுக்குள் ஜிப் ஃபைல்கள்தான். பிரவுசரோ சர்வரோ 'இது ஜிப்' என்று லேபிள் ஒட்டிவிடுகிறது. பிரித்து எடுக்க வேண்டாம், எக்ஸ்டென்ஷனை.டாக்எக்ஸ் என்று மாற்றினால் வேர்டில் திறந்துவிடும்.

சில கம்ப்யூட்டர்களில் படங்கள் .ஜேஎஃப்ஐஎஃப் என்று சேவ் ஆகும். அதுவும் ஜேபெக் படம்தான். விண்ணப்பத் தளம் ஏற்க மறுத்தால், .ஜேபிஜி என்று மாற்றினால் வேலை முடிந்தது.

இப்படி மாற்றும்போது 'ஃபைல் பயன்படாமல் போகலாம்' என்று வின்டோஸ் எச்சரிக்கும். பயப்பட வேண்டியதில்லை. மாறுவது லேபிள் மட்டும்தான். உள்ளே ஒரு எழுத்தும் மாறாது. சரிவரவில்லை என்றால் பழைய பெயரையே திரும்ப வைத்துவிடலாம். ஆனாலும் ஒரு காப்பி எடுத்துவைத்துக்கொண்டு மாற்றுவது நல்லது.

மாற்றினாலும் சரியாகாத கேஸ்கள்

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு. அமெரிக்காவில் காலேஜ் போர்டு நடத்தும் ஏ.பி. தேர்வுகளை மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதினார்கள். பேப்பரில் எழுதி, ஃபோனில் படம் எடுத்து அப்லோட் செய்யலாம் என்றும் வசதி இருந்தது. ஐஃபோன் வைத்திருந்த பலருக்கு அப்லோட் ஆகவே இல்லை. ஐஃபோன் எடுத்த படம் .ஹெச்இஐசி வகை, தேர்வுத் தளம் ஏற்றது.ஜேபிஜி, .பிஎன்ஜி போன்றவற்றை மட்டும். தேர்வு நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது இது என்ன ஃபைல் வகை என்று யோசிக்க யாருக்கு நேரம் இருக்கும்? பதில் எழுதியும் அனுப்ப முடியாமல் போனவர்கள் ஜூனில் மறுதேர்வு எழுத வேண்டிவந்தது. அடுத்த வாரத் தேர்வுகளுக்குத்தான் இமெயிலில் அனுப்பும் மாற்று வழி வந்தது.

இங்கே ரீநேம் செய்து பயனில்லை. ஹெச்இஐசி என்பது படத்தைச் சுருக்கும் வேறொரு முறை. 2017-ல் ஐஓஎஸ் 11 உடன் ஐஃபோனுக்கு வந்தது. ஜேபெக்கைவிட ஏறத்தாழ பாதி இடம்தான் எடுக்கும். அதை ஜேபிஜி என்று பெயர் மாற்றினால் லேபிள் மாறும், சரக்கு மாறாது. அதை முறையாக கன்வெர்ட்தான் செய்ய வேண்டும். மேக்கில் ப்ரிவியூவில் திறந்து எக்ஸ்போர்ட் செய்யலாம். ஐஃபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே சேவ் ஆகும். ஆன்லைன் தேர்வோ, விண்ணப்பத்தின் கடைசி நாளோ வருகிறது என்றால் முந்தைய நாளே இதைச் செய்துவிடுங்கள்.

.சிஆர்டவுன்லோட் என்று முடியும் ஃபைலும் இதே கதைதான். குரோமில் பாதியில் நின்ற டவுன்லோட் அது. '.எம்பி4' என்று பெயர் வைத்தாலும் மீதிப் படம் வந்துவிடாது. மறுபடி டவுன்லோட் செய்வதே வழி.

ஒரு எச்சரிக்கை: 'இலவச ஆன்லைன் கன்வெர்ட்டர்' தளங்களில் ஆதார், பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவற்றை ஏற்ற வேண்டாம். கன்வெர்ட் ஆகி வருவதற்குள் உங்கள் ஆவணத்தின் நகல் வேறொருவர் சர்வருக்குப் போயிருக்கும்.

உள்ளே என்ன இருக்கு? கண்டுபிடிக்க ஒரு வழி

பெரும்பாலான ஃபைல் வகைகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு கையெழுத்து உண்டு. லேபிளை மாற்றினாலும் இது மாறாது. ஃபைலின் காப்பியை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். புரியாத குறிகளுக்கு நடுவே சில எழுத்துகள் தெரியும்.

பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் ஒரு சதவீதக் குறியோடு இருந்தால் அது பிடிஎஃப். பி, கே என்று ஆரம்பித்தால் ஜிப் குடும்பம். அந்த வகையை உருவாக்கிய ஃபில் கட்ஸின் இனிஷியல்தான் அது. வேர்டு, எக்ஸெல் ஃபைல்களும், ஆண்ட்ராய்டு ஆப்களும் இதே குடும்பம்தான். எம், இசட் என்று ஆரம்பித்தால் கவனம் தேவை. அது வின்டோஸில் ஓடும் புரோகிராம். மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. பார்த்து முடித்ததும் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்; சேவ் செய்தால் ஃபைல் கெட்டுவிடும்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டோ ஹால் டிக்கெட்டோ .பிடிஎஃப் என்ற பெயரில் வந்து, திறக்காமல், சைஸும் சில கேபி மட்டுமே இருந்தால், நோட்பேடில் முதல் வரியிலேயே எச்டிஎம்எல் என்ற எழுத்துகள் தெரிய வாய்ப்பு அதிகம். அதாவது வந்தது உங்கள் ஆவணம் அல்ல, 'லாகின் காலாவதியாகிவிட்டது' போன்ற ஒரு வெப் பேஜ். மீண்டும் லாகின் செய்து டவுன்லோட் செய்தால் சரியாகிவிடும்.

லேபிள் சரி, ஆப்தான் தப்பு

பிடிஎஃப்பைத் தொட்டால் பிரவுசர் திறக்கிறது, வீடியோவைத் தொட்டால் ஏதோ எடிட்டர் வருகிறது. அவசரத்தில் எப்போதோ 'ஆல்வேஸ்' என்று அழுத்தியதன் பலன் இது. ஃபைலில் எந்தக் கோளாறும் இல்லை.

வின்டோஸில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'ஓப்பன்ஸ் வித்' பக்கத்தில் இருக்கும் சேஞ்ச் பட்டனை அழுத்தி வேண்டிய ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் ஃபைலை செலக்ட் செய்து, கமாண்ட் - ஐ அழுத்தி, 'ஓப்பன் வித்'-ல் ஆப்பை மாற்றி, 'சேஞ்ச் ஆல்' கொடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ் போய், அடம்பிடிக்கும் ஆப்பைத் திறந்து, 'ஓப்பன் பை டிஃபால்ட்' என்பதில் டிஃபால்ட்டை நீக்குங்கள். ஃபோன் பிராண்டைப் பொறுத்துப் பெயர் கொஞ்சம் மாறலாம். அடுத்த முறை எந்த ஆப் என்று ஃபோனே கேட்கும்.

லேபிளே பொய் சொல்லும்போது

2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த லேபிள் விளையாட்டை வைத்தே பரவியது. இமெயிலில் வந்த ஃபைலின் பெயர் .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று முடிந்தது. கடைசி எக்ஸ்டென்ஷனை வின்டோஸ் மறைத்துவிட, பார்த்தவர்களுக்கு அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், காதல் கடிதம். கிளிக் செய்ததும் உள்ளே இருந்த ஸ்கிரிப்ட் ஓடியது.

25 வருடம் கழித்தும் கதை மாறவில்லை. வின்டோஸுக்கான வாட்ஸ்அப்பில் இருந்த ஒரு ஓட்டையை 2025 ஏப்ரலில் மெட்டா வெளியிட்டது. ஃபைல் படம் போலவே காட்டப்படும். ஆனால் திறக்கும்போது எக்ஸ்டென்ஷனைப் பார்த்து, புரோகிராமாக ஓட வாய்ப்பு இருந்தது. புதிய வெர்ஷனில் அது சரிசெய்யப்பட்டுவிட்டது. அப்டேட் செய்யாமல் தள்ளிப்போடுபவர்களுக்கு மட்டும் சிக்கல் நீடிக்கும்.

இந்தியாவில் இப்போது அதிகம் நடப்பது .ஏபிகே மோசடி. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத சலான், பேங்க் கேஒய்சி என்று விதவிதமான பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஃபைல் வரும். பெயரின் கடைசியில் .ஏபிகே இருக்கும். அது ஆவணம் அல்ல, ஆண்ட்ராய்டு ஆப். இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் பெர்மிஷன் கொடுத்தால், ஓடிபி எல்லாம் மோசடி செய்பவர் கைக்குப் போகும். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தது என்பதும் பாதுகாப்பு இல்லை. அவர் ஃபோனே ஏற்கெனவே மாட்டியிருக்கலாம்.

பத்திரிகையோ சலானோ பார்ப்பதற்கு எதையும் இன்ஸ்டால் பண்ணத் தேவையே இல்லை. ஒரு ஃபைலைத் தொட்டதும் ஃபோன் 'இன்ஸ்டால்' என்று கேட்டால், அங்கேயே நிறுத்திவிட்டு டெலிட் செய்யுங்கள். ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டால், உடனே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் ஆஃப் செய்யுங்கள். வேறொரு ஃபோனிலிருந்து பேங்க்கை அழைத்து அக்கவுன்ட்டை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் கிரைம் உதவி எண்ணில் தாமதிக்காமல் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

வீட்டில் அப்பா, அம்மா ஃபோனிலும் ஒரு செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்ற பகுதியில் வாட்ஸ்அப், பிரவுசர், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதி ஆஃப் ஆக இருக்க வேண்டும். அடுத்த 'கல்யாணப் பத்திரிகை' அவர்களுக்கும் வரலாம்.