இளங் குற்றவாளிகளும் உயர்தரப் படிப்பும்

புதுக்கோட்டையில் ஒரு போர்ஸ்டல் பாடசாலை இருக்கிறதென்பதை நம் வாசகர்களிற் பலர் அறிவர். அதனுள் இருப்போரின் வாழ்வைப்பற்றிச் சிந்தித்தவர் சிலரே. 18 வயது நிரம்பி 21 வயது நிரம்பாத வாலிபர்களைப் பழுத்த கைதிகளின் சகவாசத்தினின்று பிரித்துத் திருத்துவதே அதன் நோக்கம்.

இம்முறை இங்கிலாந்திலே, கெண்ட் ஜில்லாவின் போர்ஸ்டல் கிராமத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உதித்தது. 1925-ம் வருஷத்துச் சென்னைச் சட்டம் அதை இந்நாட்டில் ஊன்றிற்று. அக்காலத்தில் தனிச் சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டை 1948-லேதான் இந்திய யூனியனுடன் இணைந்தது. போர்ஸ்டல் முறையைப் பெற்றெடுத்த இங்கிலாந்தோ 1982-ல் சட்டமியற்றி அதைக் கைவிட்டது. நாம் அதை வைத்திருப்பது தவறென்று சொல்ல வரவில்லை. எந்த ஆராய்ச்சியின் பேரில் வைத்திருக்கிறோம் என்பதே நமது கேள்வி.

18 வயதுக்குட்பட்டோர் விஷயம் இன்னும் நுட்பமானது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது கடந்த சிறுவன் கொடுங்குற்றம் புரிந்ததாகக் கொண்டுவரப்பட்டால், அவனது மனவளர்ச்சியையும், விளைவை உணரும் சக்தியையும், சந்தர்ப்பத்தையும் இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்திற்குள் ஆராய்ந்து அபிப்பிராயம் கூறவேண்டும். அவ்வபிப்பிராயத்தைப் பொறுத்தே, மூன்று வருஷத்திற்கு மேற்படாத விசேஷ இல்லமா, வயது வந்தோரைப் போன்ற விசாரணையும் நெடுஞ்சிறையுமா என்பது நிர்ணயமாகும். ஒரு மாஜிஸ்டிரேட்டும் இரு சமூக ஊழியரும் கொண்டது அக்குழுமம். அதில் மனோதத்துவப் பயிற்சி பெற்றவர் எவருமில்லையாயின் நிபுணர் துணையைக் கட்டாயம் நாடவேண்டுமென 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, நிபுணர் எங்கிருந்து வருவர்?

பி.எல். படிப்பு மட்டும் இதற்குப் போதாதென்பதை வக்கீல் தொழில் புரிந்த நாம் நன்கறிவோம். சட்டம், மனோதத்துவம், சமூக ஊழியம் மூன்றும் ஒருங்கே கற்பிக்கும் எம்.ஏ. வகுப்புகள் வேண்டும். சென்னைச் சர்வகலாசாலையிலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையிலும் குற்றவியல் துறைகள் உள்ளன. அம்மாணவர்கள் ஏட்டோடு நில்லாமல் புதுக்கோட்டைக்கு வந்து, விடுதலையடைந்த வாலிபன் என்ன தொழில் செய்கிறான், ஏன் மீண்டும் வழுக்கி விழுகிறான் என்பதை ஆராயட்டும். மன்னர் கல்லூரி அவர்களுக்குத் துணை நிற்கட்டும்.

குற்றவாளிக்கு எதற்கு இத்தனை படிப்பு என்பாரும் உளர். அவ்வாலிபன் நாளை திரும்பி வருவது நம் தெருவுக்கேயன்றி வேறெங்குமன்று. அவனைக் கல்லாமல் நீதி செய்ய முற்படுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். தேச ஊழியத்தில் நாட்டமுள்ள இளைஞர் இத்துறையிற் புகுவாராக!